பால்துறை

மூக்கு உள்ளவரைக்கும் சளி என்பார்கள். படக்காரம்மாவுக்கு அந்த வாரம் சளி மட்டும்தான் இருந்தது; மூக்கு இருந்த இடமே தெரியவில்லை. பூவை முகர்ந்தாலும் ஒன்றுதான், பினாயிலை முகர்ந்தாலும் ஒன்றுதான். அந்த நிலைமையில்தான் அவள் அந்தப் பாறைத் துறையைப் படம் எடுத்தாள். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தச் சளிதான் முதல் சாட்சி.

தங்கை வீட்டுக்காரர் மேனேஜராக இருக்கும் ஓட்டல் அது. தீவின் முரட்டுப் பக்கத்தில், மலை சரிந்து கடலில் விழும் இடத்தில் கட்டியிருந்தார்கள். முன்கூடச் சுவருக்கு எட்டடி அகலத்தில் ஒரு கடல் படம் வேண்டும், அதற்கு வெளியாள் எதற்கு என்று மாப்பிள்ளையே அவளை வரவழைத்தார். அவளும் நான்கு நாள் விடியலில் எழுந்து, பாசி வழுக்கும் பாறைகளில் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஐம்பத்திரண்டு வயது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் அவளைத் திட்டியது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல இடம் அமைந்துவிட்டால், முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் வெள்ளைச் சாயத்தால் மூன்று பொட்டு வைத்துவிடுவாள். எத்தனை நாள் கழித்து வந்தாலும் அதே இடம், அதே உயரம். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைப்பாள். அசையாத பாறை கல்லாகவே நிற்கும். அசைகிற அலையெல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து பஞ்சாகிவிடும்.

துறைப் படத்தில் பஞ்சுகூட இல்லை, பால். இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே யாரோ குடம் குடமாகப் பால் ஊற்றி, அது ஆவியாக மேலே எழுவது போல இருந்தது. சின்ன அளவில் அச்சுப் போட்ட மாதிரியைப் பார்த்த ஓட்டல் முதலாளியம்மா அன்றைக்கே துறைக்குப் ‘பால்துறை’ என்று பேர் வைத்துவிட்டார். பேரோடு நிற்கவில்லை. துறைக்குப் படி வெட்டி, மாதக் கடைசியிலிருந்து விருந்தாளிகளை அங்கே குளிக்க விடுவது என்றும் முடிவாயிற்று. படத்தின் கீழே படக்காரம்மாவின் பேரும் போடுவார்களாம். ஒரே ஒரு குறை, அளவு தெரிய ஒரு மனுஷன் நின்றால் நன்றாக இருக்கும் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பினார்.

அதற்காகத்தான் பத்து நாள் கழித்து அவள் மறுபடி இறங்கினாள். இந்தத் தடவை மூக்கு வேலை செய்தது.

பாதி வழியிலேயே நாற்றம் அறைந்தது. முதலில் ஏதோ மீன் செத்து ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்தாள். இன்னும் நாலு எட்டு இறங்கியதும், மீன் பாவம், அதன் மேல் பழி போடக்கூடாது என்று தெரிந்துவிட்டது. போன தடவை அரை இருட்டில் எல்லாம் வெளுப்பாகத்தான் தெரிந்தது; இன்று நன்றாக விடிந்திருந்தது. மூன்று பொட்டில் முக்காலியை நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்தாள்.

பாறைகளுக்கு நடுவே நுரை பொங்கி நின்றது. பழுப்பு நுரை. அழுக்குத் துணி ஊறிய வாளியில் மிதக்குமே, அந்த மாதிரி, ஆனால் ஆள் உயரத்துக்கு. அலை வரும்போது ஏறிப் பாறையை நக்கிவிட்டு, போகும்போது கொழகொழவென்று இறங்கியது. ஏறி இறங்கிய இடத்தில் காகிதக் கூழ், தலைமயிர்ச் சுருள், சோப்பு வழவழப்பு, பேர் சொல்ல வாய் கூசும் வேறு சிலதும். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எக்கிக்கொண்டு வந்தது. தானே லென்ஸைத் துடைத்து, மூச்சைப் பிடித்து, இரண்டு நிமிடம் காத்திருந்து பாலாக்கிய சரக்கு இதுதான்.

பாறைக்குப் பின்னால், ஓட்டல் தோட்டக்காரர் ஒரு நீளக் கம்பால் கழிவுக் குழாயின் வாயைக் குத்திக்கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். முழங்கால் வரைக்கும் தோல் தடித்து, சிவந்து, சொறிந்த தடம் தடமாக இருந்தது. அவள் கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொன்னார்.

“விடியறப்ப தொட்டியத் திறந்து விடுவாங்கம்மா. எட்டு மணிக்குள்ள அலை இழுத்துட்டுப் போயிரும். அப்புறம் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“காலுக்கு என்ன?”

“கண்ணாடியில நின்னதுதான்,” என்றார்.

மேனேஜர் அறையில் எலுமிச்சை வாசனை தெளித்திருந்தது. மேஜைமேல் துறைப் படத்தின் சின்ன மாதிரி, அதன்மேல் மாப்பிள்ளையின் தேநீர்க் கோப்பை. உட்காருங்கக்கா என்றார். அவள் உட்காரவில்லை.

“என் படத்துல இருக்கிறது என்னன்னு தெரியுமா மாப்பிள்ளை?”

“பால்,” என்று சிரித்தார்.

“கக்கூஸ் தண்ணி.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோப்பையை நகர்த்தி, படத்தில் படிந்த வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நாத்தம் படத்துல வராதுக்கா.”

அப்புறம் நிறையப் பேசினார். தொட்டி சின்னது, அறைகள் கூடிப்போச்சு, விடியலில் விட்டால் பத்து மணிக்குக் குளிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது, கடல் எவ்வளவு பெரியது, அதற்கு இதெல்லாம் ஒரு தூசி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சோறே இல்லாமல் வெறும் தட்டில் மறைக்கிறவரை இப்போதுதான் பார்த்தாள். பேச்சு சுற்றிச் சுற்றித் தங்கையிடம் வந்து நின்றது. இப்போதுதான் குவார்ட்டர்ஸுக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருக்கிறாள், அக்காவால் அவள் குடும்பம் தெருவுக்கு வர வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

தங்கை என்றதும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் தங்கை போனில் புலம்பியிருந்தாள்: துறை இவ்வளவு கிட்ட இருக்கிறது, பிள்ளையை ஒரு நாள் கால் நனைக்க விடுகிறாரா இந்த மனுஷன் என்று.

“உங்க பொண்ண ஏன் அங்க விடமாட்டேங்கிறீங்க?”

“அலை இழுப்பு ஜாஸ்திக்கா.”

“விருந்தாளிய மட்டும் இழுக்காதோ?”

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். எட்டடிக்கு அச்சடிக்க வேண்டிய பெரிய படம் இன்னும் அவளிடம்தான் இருந்தது. அதைக் கொடுக்கப்போவதில்லை என்றாள். நாளைக்கு விடியலில் முதலாளியம்மாவே வருகிறார், ஆள் நிற்கிற படத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கணுமாம், தைரியம் இருந்தால் அவரிடமே சொல்லுங்கள் என்றார் அவர். சொல்ல வேண்டாம், காட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் முதலாளியம்மா வெள்ளைச் செருப்பும் கையில் சின்ன வாசனைக் குப்பியுமாக வந்து, பாறை மேட்டிலேயே நின்றுகொண்டார். கீழே நுரை நேற்றைவிட நன்றாகவே பொங்கியிருந்தது. படக்காரம்மா மூன்று பொட்டில் முக்காலியை ஊன்றினாள்.

“மாப்பிள்ளை, நீங்களே நில்லுங்க. நல்ல உயரம். பாறைக்கு நடுவுல, முழங்கால் தண்ணியில. ரெண்டு நிமிஷம் அசையக்கூடாது, அசைஞ்சா படத்துல காணாமப் போயிருவீங்க.”

அவர் சிரித்து மழுப்பினார். வெள்ளைச் சட்டை என்றார். எட்டரைக்குக் கூட்டம் என்றார். முதலாளியம்மாவுக்குக் குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, சட்டுபுட்டென்று இறங்கச் சொன்னார். மாப்பிள்ளை இரண்டு அடி இறங்கினார். செருப்பு நுனிக்கு நுரை வந்தது. கன்றுக்குட்டி மாதிரி பின்னால் துள்ளினார்.

“மேடம், அந்தத் தண்ணியில போயி...” என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார்.

“ஏன், அந்தத் தண்ணிக்கு என்ன?” என்றாள் படக்காரம்மா.

குழாய் மட்டும் பாறைக்குப் பின்னால் கொப்புளித்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா கைக்குட்டையில் இரண்டு சொட்டு வாசனை விட்டு மூக்கில் வைத்தார். அவர் கோபப்படுவார், விசாரிப்பார், மாப்பிள்ளையை நாலு கேள்வி கேட்பார் என்று படக்காரம்மா மனசுக்குள் ஒரு மூலையில் நம்பியிருந்தாள்.

“சரி, அந்தத் தோட்டக்காரர அங்க நிக்க வைங்க,” என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு நிஜமான குமட்டல் வந்தது. நேற்று வந்தது நாற்றத்துக்கு; இது வேறு. தோட்டக்காரர் மறுபேச்சில்லாமல் கம்பைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, தடித்த கால்களோடு இறங்கப் போனார்.

“இறங்காதீங்கண்ணே,” என்றாள். “படம் எடுத்தாச்சு.”

உண்மையிலேயே எடுத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுத்தியிருந்தாள். வெயில் பாறைக்கு மேல் ஏறியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். அதே துறை, அதே பாறை. ஆனால் பால் எங்கே? ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகப் பழுப்பில் பளபளத்தது, உள்ளே சுருண்ட மயிர்கூடத் தெரிந்தது. ஓரத்தில் பின்னால் சாய்ந்தபடி மேனேஜர், மேலே மூக்கில் கைக்குட்டையோடு முதலாளியம்மா, கீழே குனிந்த தோட்டக்காரரின் கால். கேமராவைக் கழற்றிக்கொண்டு மேட்டில் ஏறி, அதன் திரையை முதலாளியம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சுவத்துக்கு இதான் என் படம் மேடம். இதுக்குக் கீழ வேணா என் பேரப் போடுங்க. பழசு கிடைக்காது. அந்தச் சின்ன மாதிரிய எங்கயாச்சும் மாட்டினீங்கன்னா, பக்கத்துல இதையும் எப்படி வரவைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”

முதலாளியம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். படி வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். குளியலும் வேண்டாம், பால்துறை என்ற பேரும் வேண்டாம் என்றார். படக்காரம்மா முக்காலியை மடக்கும்போது, அவர் மேனேஜரிடம் தாழ்ந்த குரலில் கேட்டது காற்றில் வந்தது: குழாயை அந்தப் பக்கத்துப் பாறைக்குத் தள்ளிப் போட எத்தனை நாள் ஆகும்?

அவள் தங்கியிருந்த அறைக்கு வந்து முக்காலியின் கால்களைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். தானும் குளித்தாள். இருந்தும் விரலை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். என்ன நடந்தது, ஒன்றும் சொல்லாமல் வந்து குளியலறைக்குள் நுழைந்தவர் இன்னும் வெளியே வரவில்லை என்றாள்.

“அவரு தண்ணியிலயே இறங்கலையேடி,” என்றாள் அக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், தொட்டி, தோட்டக்காரர் கால், கடைசியாகக் கேட்ட கேள்வி வரைக்கும்.

அந்தப் பக்கம் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“இழுப்பு இழுப்புன்னாரே, அப்ப அவருக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

பொய் ஒன்று நுனி நாக்குவரை வந்தது. நல்ல, பால் போன்ற பொய்.

“தெரியும்டி.”

தங்கை சரி என்றாள். போனை வைக்கவில்லை. அவள் நடப்பதும், ஒரு கதவை ஓங்கித் தட்டுவதும் கேட்டது.

“தண்ணிய நிறுத்திட்டு வெளிய வாங்க,” என்றாள் உள்ளே இருந்தவரிடம். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”