ரேடியோ வாய் மூடிய நாள்

அந்த மனிதருக்கு வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. லாடம் அடிக்க வருபவரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவார், தீவன வண்டிக்காரரிடம் பேசுவார், யாரும் அகப்படாவிட்டால் குதிரையிடமே பேசுவார். மனைவி அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தாள். அவர்கள் போகும் குதிரைச் சவாரி கிளப் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! டிரஸ்ஸாஜ் போட்டியில் மனைவிக்கு வரி படித்துக் கொடுப்பது. டிரஸ்ஸாஜ் என்றால் குதிரைப் பந்தயம் இல்லை, குதிரையைச் சொன்னபடி அழகாக நடக்க வைக்கும் போட்டி. மணல் பரப்பிய திடல், சுற்றிலும் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்புவது, எங்கே நிற்பது என்று எல்லாம் முன்பே தாளில் எழுதி வைத்திருப்பார்கள். சவாரி செய்பவர் குதிரையிடம்கூட வாய் திறக்கக் கூடாது. ஆரம்பநிலைப் போட்டியில் மட்டும் ஒருவர் வெளியே நின்று வரிகளைப் படித்துக் கொடுக்கலாம். வேண்டுமானால் ஒரு வரியை மறுபடி ஒருமுறை படிக்கலாம். தாளில் இல்லாத ஒரு சொல் வந்துவிட்டால் மணி அடிப்பார்கள், அவ்வளவுதான், வெளியே போகவேண்டியதுதான்.

போன வருடம் மனைவிக்கு ரேடியோதான் படித்தார். அவள் குதிரையை அழகாக வளைத்துத் திருப்பியதும் “அடி சக்கை!” என்று கத்திவிட்டார். மணி அடித்தது. வீடு வந்து சேரும்வரை அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மறதி நோய் வந்தது. சாவி, அடுப்பு, கூடப்பிறந்த தங்கையின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

“இந்த ஒரு போட்டியோட நிறுத்திக்கங்க. அப்புறம் குதிரை மேல ஏத்தாதீங்க” என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “கடைசித் தடவையாவது மணி அடிக்காம முடிச்சுட்டு வரணும்ங்க. வாய வச்சுக்கிட்டு சும்மா இருப்பீங்களா?”

“சத்தியமா இருப்பேன்” என்றார்.

போட்டியன்று லாயத்தை ஒட்டிய அறையில் அவர்தான் அவளுக்கு உடை மாட்டினார். கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி ஊசி குத்தினார். கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டார். வெள்ளைக் கையுறையை விரல் விரலாக நுழைத்தபோது அவள் கேட்டாள்.

“வணக்கம் வைக்க எந்தக் கை?”

“வலது கை. கடிவாளத்த இடது கைக்கு மாத்திட்டு, வலது கையக் கீழ விட்டு, தலையக் குனி.”

தலைக்கவசத்தின் வாரை மாட்டும்போது அதையே மறுபடி கேட்டாள். அவரும் மறுபடி சொன்னார்.

திடலில் இறங்கிய பிறகு பாதி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அவள் ஏறியிருந்த வயதான பெண் குதிரைக்கு அவள் மனசு அத்துப்படி. அவர் படித்தார், அவள் செய்தாள். பிறகு திடலின் நடுவில் குதிரை நின்றது. அவள் கடிவாளத்தைத் தளர விட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். அவர் அடுத்த வரியைப் படித்தார்.

“எம்-மில் வலப்பக்கம் திரும்பவும்.”

அவள் அசையவில்லை. மறுபடி படித்தார். இனி படிக்கவும் முடியாது. நடுவரின் கை மணிமேல் இருந்தது. ‘அடியே, நான்தான்டி!’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினார். வாழ்நாளில் அவர் வாய் மூடி நின்றது அப்போதுதான். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை, கொட்டியது.

அவள் கையுறைக்குள் விரல்கள் மெல்ல இறுகின. குதிரை நடந்து, எம்-மில் வலப்பக்கம் திரும்பியது.

கடைசியில் சரியாக வலது கையைத் தாழ்த்தி, தலை குனிந்து வணக்கம் வைத்தாள். மணி அடிக்கவே இல்லை. அவள் வெளியே வந்ததும் அவர் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தார்.

“ரொம்ப நன்றி சார்” என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. “தாள்ல உள்ளத மட்டும் படிச்சீங்க. எங்க வீட்டுக்காரரா இருந்தா நடுவுல கத்திக் கெடுத்திருப்பார். வாய் ஓயாது அவருக்கு.”

இப்போது பேசத் தடையில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

“இங்கதான் எங்கயாவது பேசிக்கிட்டு நிப்பார். பாத்தா வரச் சொல்லுங்க சார். மணி அடிக்காம முடிச்சுட்டேன்னு அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்.”

“சரிம்மா, சொல்றேன்” என்றார் ரேடியோ.