வைக்கோல் சுவருக்குள்

சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீட்டில் குளிர்காலத்தைத் தள்ளுவதென்றால் உயிரே தரைக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் அங்கேதான் ஓடுகிறது. அது உறைந்தால் குடித்தனமே நாறிப்போகும். அதனால் அக்டோபரிலேயே ட்ரெய்லரைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அடியை மூடிவிடுவோம். குழாயின் மேல் சூடேற்றும் மின்நாடாவைச் சுற்றுவோம். பழுது பார்க்க ஒரே ஒரு கட்டு மட்டும் இழுத்தால் வருகிற மாதிரி விடுவோம். எண்ணெய்க் கிணற்று வேலைக்கு நார்த் டகோட்டா வந்த எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

பக்கத்து ட்ரெய்லர் வெர்லினுடையது. அறுபது வயது, தனி ஆள், வேலையும் போய்விட்டது. புத்தாண்டு கழிந்த வாரம் அவருடைய ஹீட்டர் செத்துப்போனது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டெல்மர், ஒரே ஒரு வாரம் தரையில படுத்துக்கிறேன்பா. குறட்டைகூட விடமாட்டேன்."

என் புருஷன் என்னைப் பார்த்தான். இருபத்தாறு அடி வீடு. நாங்கள் இரண்டு பேரே இடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இடமில்ல வெர்லின். தப்பா நினைக்காதீங்க," என்றான் டெல்மர்.

"அட, அதுக்கென்ன. மைனாட்ல தங்கச்சி இருக்கா, அங்க போயிடறேன்," என்று சிரித்தார். மறுநாள் அவருடைய ட்ரெய்லர் பூட்டிக் கிடந்தது. ஏதாவது லாரியில் ஏறிப் போயிருப்பார் என்று நினைத்தோம். அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

பிப்ரவரியில் சத்தம் ஆரம்பித்தது. டெல்மர் வேலைக்குப் போனபின் நான் பாத்திரம் கழுவும்போது, என் காலுக்கு நேர்கீழே ஏதோ புரண்டு படுக்கும். பிறகு ஒரு இருமல்.

"ரக்கூனா இருக்கும்," என்றான் டெல்மர். குளிருக்கு வீட்டடியில் புகுந்துகொள்ளும், பூனையைவிடக் கொஞ்சம் பெரிய காட்டுப் பிராணி அது.

"ரக்கூன் இருமுமா?"

"சிகரெட் பிடிக்கிற ரக்கூன் போல."

அந்த வாரம் எங்கள் வரிசையில் எல்லார் குழாயும் உறைந்தது. எங்களுடையது மட்டும் ஓடியது. "லவோன், உனக்கு மச்சம்டி," என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அடியில் இருப்பது ஏதோ தெருநாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் அந்த ஒற்றை வைக்கோல் கட்டை இழுத்து, ஒரு துண்டு ரொட்டியை இருட்டுக்குள் தள்ளிவிட்டு மூடிவிடுவேன். டார்ச் அடித்துப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் நாய் என்று சொல்லிக்கொள்ள முடியாதே.

பெரிய குளிர் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் லாண்டரி வேலைக்குப் போயிருந்தேன். லீவில் இருந்த டெல்மர், இங்கே ஆண்கள் செய்வதைச் செய்திருந்தான். வைக்கோல் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் உறைந்து ஒரே சுவராகிவிடும். மூன்று மணிக்கு நான் திரும்பியபோது ட்ரெய்லரைச் சுற்றிலும் பனிக்கட்டி பளபளத்தது. இழுக்கிற கட்டும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டது.

"இனி பொட்டுக் காத்து நுழையாது," என்றான் பெருமையாக. "உன் ரக்கூனும் நுழையாது."

"உள்ள இருந்துச்சுன்னா?"

அவன் பதில் சொல்லுமுன் தரைக்கு அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று முறை, நிதானமாக, கதவைத் தட்டுகிற மாதிரி.

டெல்மர் முகத்தில் ஈயாடவில்லை. "லவோன், அது மனுஷன்," என்றான். கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"தாங்கிக்கங்க வெர்லின்! இதோ வந்துட்டோம்!" என்று நான் தரையில் மண்டியிட்டுக் கத்தினேன். பெயர் தானாக வாயில் வந்தது. முதல் இருமலிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. பாவி நான், எனக்குத் தெரிந்திருக்கிறது.

பனியை உடைக்க அரைமணி ஆயிற்று. டெல்மர் டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தான். பின்னோக்கி ஊர்ந்து வந்து பனியில் உட்கார்ந்துவிட்டான். நான் குனிந்து பார்த்தேன்.

வெர்லின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தார், கட்டையாக விறைத்து. இமையெல்லாம் உறைபனி. உடம்பில் கோட் இல்லை. மின்நாடா கருகிப்போயிருந்த இடத்தில் எங்கள் குழாயைத் தன் கோட்டால் சுற்றி, தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். இந்தப் பக்கம் என் ரொட்டித் துண்டுகள் ஒன்பதும் கல்லாகக் கிடந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை.

ஷெரீஃபின் ஆள் வந்தார். உடலை வண்டியில் ஏற்றிவிட்டு, எங்கள் சமையலிடத்தில் நின்றபடி எழுதிக்கொண்டார்.

"செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. உள்ள போன முதல் வாரமே முடிஞ்சிருக்கும். உங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலையா?"

டெல்மர் சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

அடியில் தட்டியது. மூன்று முறை, நிதானமாக.

அவர் பேனா நின்றது. தரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்தார். பிறகு தரையை.

நான் போய்க் கதவை அகலத் திறந்தேன். மைனஸ் முப்பது டிகிரிக் குளிர் வீட்டுக்குள் பாய்ந்தது.

"உள்ள வாங்க வெர்லின்," என்றேன்.

டெல்மர் சோபாவிலிருந்து எழுந்து, இடம் விட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.