பாராம்கோல் மருத்துவமனை மூச்சிழுத்த நாள்

பாராம்கோல் மருத்துவமனை மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கிய பிற்பகலில், ஊரின் காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த மெத்தையோடு முழங்கால் உயரம் எழும்பி, அதை நோக்கி மிதந்து போனார்கள். இது நடந்த விதம் புரிய, முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொள்ளைநோய் எங்கள் கொரியத் துறைமுகத்துக்குள் நுழைந்த அந்தப் பிப்ரவரியில், எலும்பு முறிவுக்கும் பிரசவத்துக்கும் பேர்போன எங்கள் ஐந்து மாடி மருத்துவமனையைத் தொற்றுநோய் மருத்துவமனையாக மாற்ற உத்தரவு வந்தது. இருந்த நோயாளிகளை வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். துணைக்கு வந்த உறவினர்கள் படுக்கும் குட்டைக் கட்டில்கள் வாகன நிறுத்துமிடத்தில் அடுக்கப்பட்டன. ஆனால் ஆட்களை மாற்றினால் மட்டும் கட்டடம் மாறிவிடாது. அறைக்குள் விடும் காற்றைவிட அதிகமான காற்றைக் கூரை விசிறி உறிஞ்ச வேண்டும். அப்போது அறை எந்நேரமும் காற்றுக்கு ஏங்கும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயுமே தவிர, உள்ளே இருமியது வெளியே வராது. உறிஞ்சிய காற்று கிருமிகளை நுண்ணிய வடிகட்டியில் விட்டுவிட்டு வானத்துக்குப் போகும். அறைக்கு முன்னால் ஒரு சிறு முன்னறை. அதன் இரண்டு கதவுகளில் ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். இவ்வளவையும் சில நாட்களில் கட்டியவர் மருத்துவமனைப் பொறியாளர் தோ மி-ரான். அவருடைய கணவர் ஊரின் மறுகோடியில், அடுக்குமாடி வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஊரில் வேறெங்கும் நோயாளிக்குக் கட்டில் காலி இல்லை. இங்கே கதவு திறந்தால்தான் அவருக்கு ஆக்சிஜன்.

சோதனை எளிது. கதவின் அடி இடுக்கில் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது உள்பக்கம் சாய வேண்டும். மற்ற மாடிகளில் சமர்த்தாகச் சாய்ந்தது. மூன்றாம் மாடியில் மட்டும் வெளியே நாக்கை நீட்டியது. தலைமைச் செவிலியர் குக் சோ-யோன் முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தார்.

"பொறியாளரே, வார்டுல மாட்டுக்கறி சூப்பு வாசம் அடிக்குது. எனக்குப் பசியா, இல்ல உங்க வேலைல ஓட்டையா?"

"ரெண்டும்தான்," என்ற மி-ரான் அதற்குள் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார்.

எங்கள் நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பதுபோல இதன் நிலவறையிலும், இறந்தவருக்கு அஞ்சலி செலுத்த வருவோருக்குச் சாப்பாடு போடும் துக்க மண்டபம் உண்டு. முதல் நோயாளி வருவதற்கு முன்பே அதில் கைவைப்பது அபசகுனம் என்று வேலையாட்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அதன் சமையலறைப் புகைக்கூண்டு மூன்றாம் மாடிச் சுவருக்குள் விரிசல் விட்டு, அறைகளுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கீழே சமையற்காரி ஓக் வல்-சூன் அண்டா நிறையச் சூப்பு கிண்டிக்கொண்டிருந்தார்.

"அடுப்ப அணைங்க சித்தி. இந்தக் கூண்ட அடைக்கணும்."

"துக்கத்துக்கு வர்றவங்களுக்குச் சூப்பு ஊத்தாம எப்படி அனுப்புறது?"

"யார் வர்றா? கூட்டமே கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப நீ குடி. குடிச்சிட்டு அடை."

மி-ரான் நின்றபடியே குடித்தார். வல்-சூன் அண்டாவை முற்றத்துக்குத் தூக்கிப்போக, இவர் கூண்டின் வாயில் தகட்டை வைத்துப் பசை பூசி அழுத்தினார்.

கட்டடம் இழுத்தது. தெருவில் போனவர்களின் கழுத்துத் துண்டுகள் நீண்டன, கடற்பறவைகள் பின்பக்கமாகப் பறந்தன, பிறகு பால்கனிகளிலிருந்து மெத்தைகள் வெளிவந்தன. காய்ச்சல்காரர்கள் மட்டும் ஏன் என்றால், சூடானது லேசாகும், லேசானது இழுத்த பக்கம் போகும் என்று மி-ரான் பின்னால் விளக்கினார். மெத்தைகளை முந்திக்கொண்டு இருமல்கள் வடிகட்டிக்குப் போய்ச் சேர்ந்ததால் தெருவில் ஒரு துளியும் தங்கவில்லை. அதிகம் மூச்சு வாங்கியவர்கள் முன்னால் வந்தார்கள். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்னால் வந்தவர்களோடு மி-ரானின் கணவரும் முன்னறைக்குள் மிதந்து வந்து, அங்கேயே நின்றார். உள்கதவு திறக்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மி-ரான், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கணவரை அழைத்து, தொலைபேசியில் பேசினார். "சேபோம் அப்பா, போர்வை நுனி வெளிக்கதவுல மாட்டியிருக்கு. இழுங்க."

"கிழிஞ்சிடும். உங்கம்மா... சீர் குடுத்தது."

"இருபது வருஷமா அது சொரசொரன்னு இருக்குன்னு சொன்னவரு நீங்கதானே. கிழிங்க."

அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். போர்வை கிழிந்தது, வெளிக்கதவு மூடியது, உள்கதவு திறந்தது. சோ-யோன் அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினார். சற்று நேரத்தில் மி-ரானின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது: 'உன் விசிறி சத்தத்துல மனுஷன் தூங்க முடியுமா?'

மறுநாள் காலை நகரப் பேருந்து ஓட்டுநர்கள் மருத்துவமனைக்கு வந்து, மெத்தைகள் எந்தத் தெரு வழியாக வரும் என்று கேட்டுக்கொண்டு, தடத்தை மாற்றிக்கொண்டு போனார்கள்.