ஈயம் பிடிக்காத இடம்

வயிற்றெரிச்சலுக்கு வாசனை இருந்திருந்தால் அன்று காலை அந்தக் கடை முழுக்க நாறியிருக்கும்.

கைபேசி பழுதுபார்க்கும் கடை அது. கண்ணாடிக் கதவு, உடைந்த திரைகள் கொட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஓரத்தில் விளக்கு வைத்த ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இருப்பவளை வீட்டில் எல்லோரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். பெருமையாகத்தான் வைத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இந்த மேசைக்கு வந்து சேர்ந்த பிறகு பெயர் மாறவில்லை, கூப்பிடும் இழுப்பு மட்டும் மாறிவிட்டது.

அவளுக்கென்று ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய கையடக்க வீடியோ கேம். செங்கல் கனத்தில், பாசி நிறத் திரையோடு, குழந்தைகள் தூக்கிப் போட்ட பெட்டிகள். அதில் விளையாட்டுக்குப் பதிலாகப் பாட்டு எழுதும் கார்ட்ரிட்ஜ் வில்லை ஒன்றைச் செருகினால் திரையில் எண்களாக வரிசை ஓடும். நாலே நாலு குரல்தான் அதற்கு. நாலாவது, குரல்கூட இல்லை, வெறும் புஸ். அந்த நாலை வைத்துக்கொண்டு டிகிரி ஒரு கச்சேரியே கட்டுவாள். ஒரு சொடுக்கு, ஒரு கரகரப்பு இருக்காது. கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

அப்புறம் சித்தி மகள் வந்தாள். பெயர் வாலு. பள்ளிக்கூடத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் துணிக்கடையில் சட்டை மடிக்கிறவள். “அக்கா, அக்கா, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுக்கா” என்று ஒரு மாதம் உயிரை வாங்கினாள். தொல்லை விட்டால் போதும் என்று டிகிரி ஓர் உடைந்த பெட்டியை ஒட்டுப்போட்டுத் தூக்கிக் கொடுத்தாள். ஹெட்ஃபோன் செருகும் இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. பார்த்தாள்தான். வாலுவுக்கு இது போதும் என்று மூடிவிட்டாள்.

அந்தப் போதும்தான் இப்போது தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் ஓர் அரங்கம். வித்தியாசமான கருவிகளை வைத்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். இரண்டு பேருமே பாட்டை அனுப்பினார்கள். டிகிரிக்கு வந்த பதில்: ‘மிகவும் சுத்தமாக இருக்கிறது. வாழ்த்துகள்.’ அவ்வளவுதான். வாலுவுக்கு வந்த பதில்: ‘பின்னால் ஓடும் அந்த இரைச்சல்தான் பாட்டின் உயிர். அவசியம் வாருங்கள்.’

இரைச்சல்! ஸ்பீக்கரில் மாட்டினால் அந்தப் பெட்டி ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகும். டிகிரி கைவிட்ட அந்த அரைகுறை ஒட்டின் முனகல் அது. அதை ஓட்டை என்று தெரியாத வாலு, தம்புரா என்று நினைத்து, அதற்கு மேலேயே தன் பாட்டுகளையெல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். இவள் போட்ட குப்பையில் அவளுக்குப் பூ பூத்திருக்கிறது.

காலையில் கிளம்பும்போது அம்மா வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாள். “சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. வாலு கச்சேரிக்குச் சித்தி வீட்டோட எல்லாரும் போறாங்க. நீயும் வந்து கைதட்டு.”

“எனக்கு வேலை இருக்கு.”

“உனக்கு என்னைக்கு வேலை இல்ல? படிச்சவ நீ. மேடை ஏறப்போறவ அவ.”

மத்தியானம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வாலுவே வந்து நின்றாள். புதுச் சட்டை. கையில் அந்தப் பெட்டி.

“அக்கா, காப்பாத்து. ஸ்டார்ட் பட்டன் ஒட்டிக்குது. ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை போவுது. மேடையில மானம் போயிடும்.”

“மானம் இருக்கா உங்கிட்ட?”

“உங்கிட்ட கடன் வாங்கித்தான் வெச்சிருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீ வரலேன்னா எனக்குக் கை நடுங்கும்க்கா. முன் வரிசையில உக்காரணும், சொல்லிட்டேன்.”

முன் வரிசை. அந்த வார்த்தை டிகிரியின் நெஞ்சுக்குள் ஆணியாக இறங்கியது.

பெட்டியைத் திருகிப் பிரித்தாள். பட்டனுக்கு அடியில் பிசுக்கு. பஞ்சில் துடைத்தாள், முடிந்தது. மூடியிருக்கலாம். ஆனால் அங்கே, பலகையின் ஓரத்தில், அவள் கைவிட்ட அந்த ஒட்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாதி ஒட்டி, பாதி தூக்கி, மங்கிப் போய். இதில் ஒழுங்காக ஈயம் வைத்தால் இரைச்சல் போய்விடும். இரைச்சல் போனால் பாட்டு போய்விடும். யாரும் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. பழுதைச் சரி செய்வது குற்றமா? அவள் வேலையே அதுதானே.

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஏற்கனவே சூடாகத்தான் இருந்தது.

“அது என்னக்கா?”

“லூஸா இருக்கு. மேடையில புட்டுக்கும்.” குரல் வழவழவென்று வந்தது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு புகை, ஒரு சொட்டு ஈயம். ஒட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அவள் வாழ்க்கையில் போட்ட ஒட்டுகளிலேயே அழகானது.

வாலு பெட்டியைக் கடை ஸ்பீக்கரில் மாட்டி ஓட்டிப் பார்த்தாள். பாட்டு ஓடியது. குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் வெட்டவெளியாக, பந்தலைப் பிடுங்கிய பின் நிற்கும் கம்புகள் மாதிரி நின்றன. வாலு ஒலியைக் கூட்டினாள். இன்னும் வெட்டவெளி. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“ம்ம்ம் எங்கக்கா?”

“அது பழுதுடி. சரி பண்ணிட்டேன்.”

வாலு கத்துவாள், அழுவாள் என்று டிகிரி காத்திருந்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. தலையைச் சாய்த்து இன்னொரு முறை கேட்டுவிட்டு, குறை சொல்கிற மாதிரிகூட இல்லாமல், உள்ளதைச் சொன்னாள்.

“இப்ப உன் பாட்டு மாதிரி இருக்குக்கா.”

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டிகிரி பெட்டியைப் பிடுங்கினாள். “குடு. பழையபடி பண்றேன்.”

பண்ண முடிந்தால்தானே. ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள், ஒலியே போய்விட்டது. கொஞ்சம் வைத்தாள், சுத்தமாகிவிட்டது. வேண்டுமென்றே கையை ஆட்டினாள். அயர்னை ஆறவைத்துத் தேய்த்தாள். பாழாய்ப்போன ஈயம் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. நல்ல ஒட்டுப் போடத்தான் அவளுக்கு நாலு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். கெட்ட ஒட்டு அன்றைக்கு அலட்சியத்தில் தானாக வந்தது. இன்றைக்குக் கெஞ்சினாலும் வரவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஒரு மணி நேரமா ஒரே இடத்தைக் குத்திட்டிருக்க? கோழி கூடத் தவிடு தீந்தா நகந்துடும்.”

எரிச்சலில், ஸ்பீக்கரில் மாட்டியபடியே கிடந்த பலகையைத் தள்ளினாள். விரல் நுனி அந்த இடத்தில் பட்டது.

‘ம்ம்ம்.’

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிகிரி விரலை எடுத்தாள். வெட்டவெளி. வைத்தாள். ‘ம்ம்ம்.’ அதே சுருதி, அதே முனகல். பக்கத்துக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் முனகல் அது. முன்பு அரைகுறை ஒட்டு வழியாகப் புகுந்தது, இப்போது அவள் உடம்பு வழியாகப் புகுகிறது. படித்தவளுக்கு அது நொடியில் விளங்கியது. அடுத்தது என்னவென்று வாலுவுக்கு அதைவிடச் சீக்கிரம் விளங்கியது.

“வாக்கா.”

“எங்க?”

“மேடைக்குத்தான். முன் வரிசையெல்லாம் வேணாம். எம் பக்கத்துல நில்லு.”

“ஏய், விரலை வெச்சுக்கிட்டு நிக்க நான் என்ன ஆணியா?”

“நீதான கழட்டின? நீயே நில்லு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. ஆக, வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அரங்கின் பக்கவாட்டில் ஒலி ஏற்பாடு செய்கிறவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். முதுகு திறந்த பெட்டி. அதற்குள் விரலை விட்டுக்கொண்டு, கடைச் சட்டையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண்.

“இவங்க என்ன வாசிக்கிறாங்க?”

“இரைச்சல்” என்றாள் வாலு.

விளக்கு அணைந்தது. இரண்டாவது வரிசையில் அம்மாவும் சித்தியும். அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. வாலு ஸ்டார்ட்டை அமுக்கினாள்.

கடை ஸ்பீக்கரில் கேட்டது வேறு. இங்கே தரை அதிர்ந்தது. டிகிரியின் விரலிலிருந்து கிளம்பிய முனகல் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்து அவள் தொண்டைக்குள் இறங்கியது. அதன்மேல் வாலுவின் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. நன்றாக இருந்தது. சனியன், அவ்வளவு நன்றாக இருந்தது. தான் ஒருபோதும் இப்படி எழுதப்போவதில்லை என்பது அந்த நொடியில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சுத்தம் செய்யத் தெரிந்தவளுக்கு இந்த அழுக்கு வராது.

கூட்டம் தலையாட்டியது. எல்லாக் கண்களும் வாலுவின் கைமேல்.

பாட்டு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. டிகிரி விரலை எடுத்தாள்.

தவறி இல்லை. கை வலித்தும் இல்லை. வேண்டுமென்றே எடுத்தாள். விழட்டும், எல்லோர் முன்னாலும் விழட்டும்.

தரை நின்றது. அத்தனை பெரிய அரங்கில் ஒற்றைக் குரல் மட்டும் மெலிசாக, துணையில்லாமல் தொங்கியது. வாலு திரும்பினாள். பயந்து போன சின்னப் பிள்ளை முகம். உதடு மட்டும் அசைந்தது: அக்கா.

விரல் தானாகத் திரும்பி அழுந்தியது. ‘ம்ம்ம்’ என்று தரை மறுபடி எழுந்தது.

அரங்கமே கூச்சலிட்டது. எழுந்து நின்று விசிலடித்தார்கள். அந்த வெட்டவெளியையும் அது மூடிய விதத்தையும் பாட்டின் சிகரம் என்று நினைத்துவிட்டார்கள். டிகிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் செய்த துரோகத்துக்குக்கூடக் கைதட்டல் வாலுவுக்கே போய்ச் சேர்ந்தது.

முடிந்ததும் திரைக்குப் பின்னால் அம்மா ஓடி வந்து வாலுவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் டிகிரியைப் பார்த்து, “நீ எதுக்குடி நடுவுல நின்ன?” என்றாள்.

“ஈயம் பிடிக்கல” என்றாள் டிகிரி.

எல்லோரும் நகர்ந்ததும் வாலு பக்கத்தில் வந்தாள். வியர்த்திருந்தாள்.

“வேணும்னுதான எடுத்த?”

“ஆமா.”

வாலு பெட்டியின் திறந்த முதுகை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அடுத்த மாசம் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. அதே இடத்துல எடுக்கணும்க்கா. ஆனா எனக்கு முன்னாடியே சொல்லிட்டு எடு.”

“சொல்லிட்டு எடுத்தா அது வராதுடி” என்றாள் டிகிரி.