மடுத்தீனின் முழங்கால்

கழுவி முடித்த சட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான் கபிரியேல் குளிர்ப்பெட்டிக் கதவைப் பார்த்தான். அதில் முதலாளி திபோ ஒவ்வொரு கிழமையும் ஒரு பட்டியல் ஒட்டுவான். சமையலுக்கான பட்டியல் இல்லை. அவன் நடத்துகிற விளையாட்டுக் கழகத்தில் யார் யாருக்கு எங்கே அடி என்ற பட்டியல். பாண் போடுகிறவனுக்குத் தோள். பல்கலைக்கழக மாணவனுக்கு விரல். இரண்டு மீற்றர் உயரமான வங்கிக்காரனுக்குப் பின்தொடைத் தசை. கடைசி வரி சிவப்பு மையில் புதிதாக இருந்தது: மடுத்தீன், முழங்கால், மூன்று மாதம்.

சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தான். இந்தச் சமையலறையில் மடுத்தீன் என்றால் அது கபிரியேல்தான். அவனுடைய முழங்காலுக்கோ ஒரு குறையும் இல்லை.

2009 கடைசியில் பாரிசுக்கு வந்தவன். ஐந்து வருடமாகப் போகிறது. அகதி விண்ணப்பம் இரண்டு தரம் தள்ளுபடியானது. வதிவிட அட்டை இல்லாதவனுக்குச் சட்டப்படி வேலை இல்லை. வேலை இல்லாமல் வயிறு கேட்குமா? ஊரவனான மடுத்தீனின் அட்டையைக் காட்டித்தான் இங்கே கோப்பை கழுவச் சேர்ந்தான். திபோவுக்கும் அது தெரியும். உண்மையான மடுத்தீன் விடிய ஐந்து மணிக்கு லா கூர்னெவ்வில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுவான். பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போனால், பதினொரு மணிக்கு இந்த மடுத்தீன் இங்கே ஏப்ரன் கட்டுவான். பிரெஞ்சு அரசாங்கத்தின் கண்ணில் அவனைப்போல ஓர் உழைப்பாளி பாரிசிலேயே கிடையாது.

திபோ இரண்டு வருடம் மெல்பேர்னில் சமைத்தவன். ஓஸ்திரேலியக் கால்பந்துப் பைத்தியம் அங்கே பிடித்தது. முட்டை போல நீண்ட பந்து. காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம், இடித்து விழுத்தவும் செய்யலாம். இதை ஆட பாரிசில் யார் வருவார்கள்? ‘பாந்தன் கொக்குகள்’ என்று கழகத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, ஆள் போதாமல் அடுப்படியில் கைகால் ஒழுங்காக இருந்தவர்களை எல்லாம் இழுத்தான். ஊரில், பேசாலைக் கடற்கரையில் கரப்பந்து ஆடிய கபிரியேல், மற்றவர்களின் தலைக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தபோது திபோ அழாத குறை.

கழகத்திலும் காப்புறுதிக்குப் பேர் கேட்டார்கள். அங்கேயும் மடுத்தீன்தான். தன் பேரில் இன்னொருவன் ஆட, தான் வீட்டில் இருப்பதா என்று உண்மையான மடுத்தீனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அவன், மறு ஞாயிறு இவன் என்று பேசிக்கொண்டார்கள். போன ஞாயிறு மடுத்தீனின் முறை. விழுந்து முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது பாவம் என்றுதான் கபிரியேல் நினைத்தான். தனக்கு அதில் என்ன என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“மடு, இங்கே வா,” என்று திபோ பிரெஞ்சில் கூப்பிட்டான். “நீ மருத்துவ விடுப்பில் இருக்கிறாய். கடதாசி தபாலில் வந்திருக்கிறது. கணக்காளர் பதிந்துவிட்டார்.”

“எனக்கு முழங்கால் நல்லது,” என்றான் கபிரியேல், தெரிந்த பிரெஞ்சில். நம்பாவிட்டால் பார் என்று சூப் சட்டியைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு குந்தி எழும்பினான். இரண்டு தரம் எழும்பினான். சலாது வெட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

“எனக்குத் தெரியும். சமூகக் காப்புறுதிக் கந்தோருக்கு, அந்த செக்கூவுக்குத் தெரியாதே. அவர்கள் விடுப்புக்குக் காசு கொடுக்கும்போது நீ இங்கே ஒரு தட்டுக் கழுவினாலும் என்னைத்தான் பிடிப்பார்கள்.”

“இன்னும் இரண்டு மாதம், திபோ. இரண்டு சம்பளக் கடதாசி.”

இருபத்திரண்டு சேர்த்திருந்தான். இருபத்துநாலு ஆனதும், மடுத்தீன் என்ற பேரில் இங்கே வேலை செய்தவன் கபிரியேல்தான் என்று கடிதம் எழுதித் தருவதாக திபோ வாக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கடிதத்தோடு போனால் சொந்தப் பேரில் வதிவிட அட்டை கேட்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பித்தான் அவன் இந்த நீராவிக்குள் நின்றான்.

“முழங்கால் கிழிந்தவன் நின்று கோப்பை கழுவினான் என்று எந்தக் கந்தோரில் நம்புவார்கள்?” என்ற திபோ ஏப்ரனுக்குக் கை நீட்டினான். “வீட்டுக்குப் போ.”

கார் து நோர் நிலையத்தில் இருந்து லா கூர்னெவ்வில் மடுத்தீனின் வீட்டடி வரை கபிரியேல் ரயிலில் உட்காரவே இல்லை. இடம் கிடந்தும் கதவடியில் நின்றுகொண்டே போனான்.

மடுத்தீன் வரவேற்பறையில் ஒரு கதிரையில் இருந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டியிருந்தான். தொடையில் இருந்து கெண்டைக்கால் வரை நீலப் பட்டை.

“அண்ணை, அந்தக் கடுதாசியை ஏன் என்ர ரெஸ்ரோரண்டுக்கும் அனுப்பினியள்?”

மடுத்தீன் வாய் திறக்க முதல் அவன் மனைவி இம்மாகுலேற் குசினியில் இருந்து வந்தாள். “நான்தான் அனுப்பினனான் தம்பி. வேலை செய்யிற எல்லா இடத்துக்கும் ரெண்டு நாளுக்குள்ள போகோணும் எண்டு சொன்னவை. பிழை ஒண்டும் விடக்கூடாதெண்டு பதிவுத் தபாலிலதான் போட்டனான்.” ரசீதையும் எடுத்துக் காட்டினாள்.

கபிரியேலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வருடம் ஒளித்துச் செய்த காரியத்தில் அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் நேர்மையாக நடந்திருந்தாள்.

“பிழையா வந்திட்டுது எண்டு சொல்லித் திருப்பி எடுக்கேலாதோ அக்கா?”

“எடுத்துப்போட்டு?” என்றான் மடுத்தீன். “நான் இஞ்சை கால் நீட்டிக்கொண்டிருக்க, அங்கை நான் கோப்பை கழுவுறன் எண்டு பதிஞ்சால் என்ர வதிவிடக் காட்டைப் புடுங்கிப்போடுவாங்கள். மூண்டு பிள்ளையளடா எனக்கு.”

“கால் உங்கட, அண்ணை. வேலை என்ர.”

“பேர் என்ர.”

சொல்லிவிட்டு மடுத்தீன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சொன்னது அவனுக்கும் சுட்டிருக்க வேண்டும். இம்மாகுலேற் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், கபிரியேல் தொடவில்லை. மடுத்தீன் மேல் பழி போடவும் வழியில்லை என்பதுதான் அவனுக்குக் கூடுதலாக எரிந்தது.

அடுத்த நாள் சப்பாத்தை எடுக்க உணவகத்துக்குப் போனான். தொட்டியடியில் வேறொருவன் நின்றான். செசில் என்று பேர், பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடியுரிமை சட்டைப் பையில் இருக்கிறது.

“அண்ணா, இந்த மெஷின்ல தண்ணி எப்படிண்ணா விடறது? முதலாளி சொன்னாரு, ஒண்ணும் புரியல,” என்றான் செசில்.

கபிரியேல் காட்டிக்கொடுத்தான். இடதுபக்கக் குழாய் இறுகும், துணி சுற்றித் திருப்ப வேண்டும் என்பதையும் சொன்னான். மறைத்து என்ன காணப் போகிறான்.

“ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பேர்தான், மடு!” திபோ தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். “ஒன்பது பேர் இறங்க வேண்டும். ஒருத்தன் விழுந்தால் பதிலுக்கு விட யாரும் கிடையாது. ஒரு மாதமாகத் தேடுகிறேன்.”

கோப்பை கழுவ ஒரே நாளில் ஆள் கிடைத்திருந்தது. அதைக் கேட்கக் கபிரியேலுக்கு வாய்வரை வந்தது, பிரெஞ்சில் வரவில்லை.

“நான் ஆடுகிறேன்,” என்று மட்டும் சொன்னான்.

“முடியாது. கழகக் காப்புறுதியிலும் உன் முழங்கால் கிழிந்துதான் இருக்கிறது. ஆனால் கோல் கம்பத்தடியில் கொடி காட்ட எங்கள் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அதற்குப் பேர் கேட்க மாட்டார்கள். வா, கடிதத்தைப் பற்றியும் கதைப்போம்.”

ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. கொடி காட்டுகிற கோல் நடுவருக்கு வெள்ளைச் சட்டை வேண்டும் என்று திபோ தன் சமையல் சட்டையையே கொடுத்தான். அதன் கை கபிரியேலின் மணிக்கட்டுவரை எட்டவில்லை. உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்து போனால் இரண்டு கொடி, ஆறு புள்ளி; பக்கத்தில் போனால் ஒரு கொடி, ஒரு புள்ளி. கோல் நடுவர் பந்தில் முட்டக்கூடாது. வேலை அவ்வளவுதான்.

இடைவேளையில் தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்த திபோவிடம் போனான். “கடிதம்?”

“கணக்காளரிடம் கேட்டேன். வேலையில் நிற்கிறவனுக்குத்தான் எழுதலாமாம். முழங்கால் ஆறட்டும். செப்ரெம்பரில் வா, பார்ப்போம். முதலாவது மாதத்தில் இருந்து ஒழுங்காகத் தொடங்குவோம்.” சேறு பட்ட கையால் அவன் தோளில் தட்டிவிட்டு ஓடினான்.

இருபத்திரண்டு மாதம் அப்படியே போயிற்று. கொடிகளை எறிந்துவிட்டு அந்த நிமிடமே போகத்தான் கபிரியேலின் மனம் சொன்னது. செப்ரெம்பர் என்ற சொல் காலைக் கட்டிப்போட்டது. திரும்பப் போய்க் கம்பங்களுக்கு நடுவே நின்றான்.

கடைசி நிமிடங்களில் கொக்குகள் மூன்றே புள்ளி முன்னால் நின்றார்கள். எதிரணிக்காரன் ஒருவன் தூரத்தில் இருந்து ஓங்கி உதைத்தான். காவலுக்கு நின்ற இருவரும் ஒன்றாக எழும்பி ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள். மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பந்து அதற்கு மேலால் நேரே கபிரியேலை நோக்கி இறங்கியது.

“மடு! மடு!” என்று பழக்கத்தில் மைதானம் முழுக்கக் கத்தினார்கள்.

குதிகால் தானாக நிலத்தை விட்டு எழும்பியது. எழும்பியதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் ஓர் அடி பக்கத்தில் விலகினான். பந்து அவன் தோளோரமாகக் கம்பங்களைத் தாண்டிப் போய்ச் சேற்றில் விழுந்தது.

கபிரியேல் இரண்டு கைச் சுட்டுவிரலையும் முன்னே நீட்டிக் கோல் என்று காட்டினான். பிறகு இரண்டு கொடிகளையும் எடுத்து, மறுமுனையில் நின்ற கோல் நடுவர் பதிலுக்கு அசைக்கும் வரை, நன்றாக உயர்த்தி எதிரணிக்காக அசைத்தான். அவனுக்கு முன்னால் திபோ இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, ஆள் இல்லை, என்னிடம் ஆளே இல்லை என்று கத்திக்கொண்டிருந்தான்.