குடைக்காரர் வீட்டில் டூ

குடை பழுதுபார்க்கும் கடைக்காரரோடு அவருடைய பெரிய மகள் டூ விட்டிருந்தாள். எத்தனையோ பேருடைய வளைந்த கம்பியை நிமிர்த்தியவருக்கு இதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

காரணம் ஒரு உருளைக்கிழங்கு. பள்ளி விடுமுறையில் பெரியவள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் பளபளக்கும் அலுமினியத் தாளை ஒட்டி, உள்ளே கிழங்கை வைத்து, மேலே கண்ணாடித் தகட்டால் மூடி, சூரிய அடுப்பு என்று கடை வாசலில் வைத்தாள். சாயங்காலம் திறந்தபோது கிழங்கு காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. அவ்வளவுதான், வேகவில்லை.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "பாவம், தலைக்குக் குளிச்சிட்டு வெயில்ல காயுது போல. நல்லாத் துவட்டி உள்ள கூட்டிட்டுப் போ" என்றார். எதிர்க் கடைத் தையல்காரர் பல்லில் கடித்திருந்த நூல் தெறித்து விழச் சிரித்தார். கடைக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். பெரியவள் முகவாயில் விரலை இடித்து டூ காட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள்.

அன்று முதல் ஒரே வீட்டுக்குள் தூது நடந்தது. தூது போனவள் இளையவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சாப்பிடும்போது இருவருக்கும் நடுவில் உட்காருவாள்.

"அப்பாகிட்ட தண்ணிச் செம்பை நகர்த்தச் சொல்லு."

"அப்பா, தண்ணிச் செம்பை நகர்த்தணுமாம்."

"காதுல விழுந்துச்சுடி."

"அக்கா, அப்பாவுக்குக் காதுல விழுந்துச்சாம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். அதற்கப்புறம் சோறு இறங்காது. அவர் குனிந்து வேலை செய்கையில் முதுகில் சாய்ந்துகொண்டு ஓயாமல் கதையளக்கிற பிள்ளை பெரியவள். இப்போது கடையில் சுத்தியல் சத்தம் மட்டும்தான். சமாதானத்துக்கு மிட்டாய் வாங்கி வந்தார். அதையும் வாலுதான் தின்றாள்.

ஒருநாள் வாலு கடைக்கு வந்து கையை நீட்டினாள். "அக்காவுக்குப் பெரிய கறுப்புக் குடை ஒண்ணு வேணுமாம். கம்பி ஆடாததா இருக்கணுமாம். எதுக்குன்னு கேக்கக் கூடாதாம்."

அவர் கேட்கவில்லை. உரியவர் திரும்பி வராமல் தொங்கிக்கொண்டிருந்த குடைகளில் நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பெரியவள் குடையின் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் துணி தொய்ந்து, தாள் சுருக்கம் சுருக்கமாக நின்றது. குடைக்காரருக்குக் கை பரபரத்தது. பொறுக்க முடியாமல் செருமினார்.

உள்ளே ஆலோசனை நடந்தது. வாலு குடையோடு வந்தாள். "இந்த ஓரத்தை மட்டும் இழுத்துத் தச்சுத் தரணுமாம். வாயைத் திறக்கக் கூடாதாம்."

உதட்டை மடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் கடை வாசலில் குடை மல்லாந்து கிடந்தது. முனையை மணல் வாளியில் ஊன்றி, கைப்பிடி நேராகச் சூரியனைப் பார்க்கும்படி சாய்த்திருந்தாள் பெரியவள். தாளில் பட்ட வெளிச்சமெல்லாம் வந்து கூடுகிற இடத்தில், வெளிப்புறம் கறுப்புச் சாயம் பூசிய சின்ன டப்பா ஒன்றைத் தண்டோடு கட்டியிருந்தாள். உள்ளே மெல்லிசாக நறுக்கிய கிழங்கும் கொஞ்சம் தண்ணீரும். கொஞ்ச நேரத்தில் டப்பா முணுமுணுக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலில் இனிமேல் கூப்பிட மாட்டேன் என்பது இருந்தது. காவலுக்கு ஆள் வேண்டும். காக்கை வரும், சூரியன் நகர நகரக் குடையையும் திருப்ப வேண்டும்.

"நான் பார்த்துக்கறேன்னு சொல்லு" என்றார் அப்பா.

வாலு போய்விட்டு வந்தாள். "சரியாம். இதுவும் கெட்டுப்போச்சுன்னா ஆயுசுக்கும் டூவாம்." சொல்லிவிட்டு, பளபளப்பில் கண் கெடாமல் இருக்க அம்மாவின் கறுப்புக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினாள்.

அவர் காக்கையை விரட்டினார். குடையைத் திருப்பினார். "என்னய்யா, குடையைக் காயப் போட்டுட்டு நீயும் கூடவே காயறியா?" என்றார் தையல்காரர். "உன் ஊசியைப் பாருய்யா" என்றார் இவர். மண்டை காய்ந்தது. வெயிலில் வெறுந்தலையோடு நிற்பது தன் தொழிலுக்கே இழுக்கு என்று நினைக்கிற மனிதர். தெருமுனைக்குப் போனாலும் குடையோடுதான் போவார். கை தானாகப் பின்னால் போய்க் கதவில் தொங்கிய குடையை எடுத்துப் படக்கென்று விரித்தது. அப்பாடா என்றிருந்தது.

கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாமே நிழலாகத்தான் தெரிந்தது. டப்பாவின் மேல் விழுந்த நிழல் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்? டப்பா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டது.

கழுவிய கை ஈரம் சொட்ட வாசலுக்கு வந்த பெரியவள் அலறினாள்.

"அப்பா! என்ன பண்றீங்க! வெயிலைப் பிடிக்கிற இடத்துல போய் யாராவது குடை பிடிப்பாங்களா? உங்களுக்கு அறிவிருக்கா? எவ்ளோ நேரமாச் சூடேத்தினேன்! எல்லாம் போச்சு!"

"அப்பாவைப் பேசற பேச்சாடி இது?" என்று உள்ளிருந்து அம்மா அதட்டினாள்.

"நீ சும்மா இரு. அவ பேசட்டும்" என்றார் அப்பா. முகமெல்லாம் பல்.

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"போக்கா, நீயே சொல்லு. எனக்கு வாய் வலிக்குது."

தையல்காரர் எதிரே விழுந்து விழுந்து சிரித்தார். "சிரிக்காதய்யா" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி. "அன்னிக்கு எம்பொண்ணைப் பார்த்துச் சிரிச்சது என் தப்பு. அதுக்குத்தான் இப்ப வாங்கிக் கட்டிக்கறேன்."

பெரியவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாளிப் பக்கம் வந்தாள்.

"மொதல்ல அந்தக் குடையை மடக்குங்க" என்றாள். "இதை இந்தப் பக்கம் திருப்புங்க. அவ்ளோ வேணாம். தலையைக் குனிங்க, உங்க தலையும் மறைக்குது."

அவர் மடக்கினார், திருப்பினார், குனிந்தார். கடைசியில் வாளிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்தே விட்டார். முதுகில் வெயில் ஏறியது. பெரியவள் விடாமல் அதட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் தணிந்த பிறகு டப்பாவைத் திறந்தார்கள். பாதிக் கிழங்கு வெண்ணெயாகக் குழைந்திருந்தது, மீதிப் பாதி கடித்தால் நறுக்கென்றது. குழைந்ததில் ஒரு துண்டை ஊதி ஊதி அப்பாவின் வாயில் போட்டாள் பெரியவள்.

"அப்பா, இதைவிடப் பெரிய குடை இருக்கா?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பழக்க தோஷத்தில் வாலு நடுவில் புகுந்தாள்.

"அப்பா, இதைவிடப் பெரிய குடை இருக்கான்னு அக்கா கேக்கறா."