உஷா அனுப்பாத ஊர்

ஸ்பெயினுக்குப் போறதென்றால் உஷாவைக் கேள் என்பது ஆக்லாந்துத் தமிழருக்குள் ஓடுகிற பேச்சு. பிளாக்ஹவுஸ் பே கடைவீதியில், டெய்ரி என்கிற பால், பாண் விற்கும் சின்னக் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வந்தவர்கள் இருக்க மூன்று கதிரை. அவ்வளவுதான் அவளுடைய டிராவல்ஸ். ஸ்பெயினை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்டால் என்ன, காணாவிட்டால் என்ன, ஆளைப் பார்த்து ஊரைச் சொல்லுவதில் மனுசியை அடிக்க ஆளில்லை.

யூன் மாதத்து மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், லின்ஃபீல்டிலிருந்து கோகுலும் மனைவி லக்ஷ்மிப்ரியாவும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். இருவருக்கும் ஐ.டி. வேலை.

"பார்சிலோனா, அப்புறம் மாட்ரிட். அவ்ளோதான் அக்கா," என்றான் கோகுல்.

"அது எல்லாரும் சொல்லுறது. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. காலமை எத்தனை மணிக்கு எழும்புவியள்?"

லக்ஷ்மிப்ரியா சிரித்தாள். "லீவு நாள்ல இவர் பத்து மணிக்குத்தான் எந்திரிப்பார்."

"சோறில்லாமல் எத்தனை நாள் தாங்குவியள்?"

"நான் ரெண்டு நாள். இவர் ஒரு வேளை."

உஷாவின் கணக்கு இப்படித்தான். விடிய எழும்பி நடக்கிறவர்களுக்குக் கிரனாடா. வாய்க்கு ருசி தேடுகிறவர்களுக்கு வடக்குப் பக்கம், சான் செபஸ்தியான். வயதுபோன தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு செவியா, அதுவும் சித்திரை மாதத்தில்; ஆவணி வெயிலில் போனால் அவள் பொறுப்பில்லை. புருசன் பெண்சாதி கதைத்துக்கொள்ளாமல் வந்தால், நாலு நாளைக்கு மேலே ஓரிடத்திலும் போடமாட்டாள்.

"நீங்கள் வலென்சியா," என்றாள். "அங்கத்தைச் சாப்பாடே சோறுதான். கடலும் இருக்கு. பத்து மணிக்கு எழும்பினாலும் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்."

கோகுல் போனை நீட்டினான். "இந்த தரிஃபா எப்படிக்கா? தெற்கு முனை. கரையில நின்னா ஆப்பிரிக்கா தெரியுமாமே."

"அங்கை காத்து கூட. மண் கண்ணுக்குள்ளை அடிக்கும். வேண்டாம்."

முகத்தைத் தூக்காமலே சொன்னாள். காற்றைத் தேடிப் போய்க் கடலில் பலகை ஓட்டுகிற பொடியன்கள் வந்து கேட்டாலும் இதே பதில்தான். கடை திறந்து பதினைந்து வருசத்தில் அந்த ஊருக்கு அவள் ஒரு ஆளைக்கூட அனுப்பியதில்லை.

இவ்வளவையும் மூன்றாவது கதிரையில் இருந்து அன்னம் கேட்டுக்கொண்டிருந்தாள். உஷாவின் தம்பி குகநேசனின் மனைவி. மாசி என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. காலை வேலை முடித்து, யூனிஃபோமும் மாற்றாமல், இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி.

குகநேசன் எங்கே என்று கேட்டால், அதைத்தான் இருபத்தாறு வருசமாய் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கலியாணம் கட்டிப் பதினொரு மாதத்தில், ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டவன். ஆபிரிக்காவுக்கு இறங்கி, மொரோக்கோவுக்கு வந்து, அங்கேயிருந்து ஒருநாள் போன் எடுத்தான். கடல் தெரியுது, அங்காலை லைட் தெரியுது, அதுதான் ஸ்பெயினாம், நாளைக்குப் போட்டில் ஏத்துவாங்கள் என்றான். அவ்வளவுதான். உடலும் இல்லை, சேதியும் இல்லை. பிறகு உஷா நியூசிலாந்துக்கு வந்து, அவன் போய்ப் பத்தாவது வருசம் அன்னத்தையும் கூப்பிட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அன்னத்துக்கு உஷா வீட்டில்தான்.

கோகுலும் லக்ஷ்மிப்ரியாவும் வலென்சியாவை யோசித்துச் சொல்வதாகக் குடையை விரித்துக்கொண்டு போனார்கள். அன்னம் எழும்பி வந்து முன் கதிரையில் இருந்தாள்.

"மச்சாள், எனக்கு அந்த ஊருக்கு டிக்கெட் போடுங்கோ."

"எந்த ஊர்?"

"காத்து கூட எண்டு சொன்னியளே, அந்த ஊர்."

உஷா முகத்தைத் தூக்கினாள். "ஏன் இப்ப?"

"போன கிழமை எங்கடை இடத்திலை ஒரு கிழவர் செத்தவர். தொண்ணூற்றொரு வயது. பேரப்பிள்ளையள், அவையின்ரை பிள்ளையள் எண்டு அறை நிறைய ஆக்கள். நான்தான் அவரைத் துடைச்சு உடுப்பு மாத்தினனான். என்ரை மனுசனுக்கு நான் ஒரு பிடி வாய்க்கரிசிகூடப் போடேல்லை மச்சாள். வருவார் வருவார் எண்டு பொட்டை வைச்சுக்கொண்டு திரியிறன். அவர் வரமாட்டார்."

இந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து உஷா ஒருநாளும் கேட்டதில்லை.

"கோயில் ஐயரைக் கேட்டனான். திதி தெரியாட்டிலும் செய்யலாமாம். அந்தக் கடற்கரையிலை எள்ளுந் தண்ணியும் இறைச்சு, தாலியைக் கழட்டிக் கடலிலை போடப்போறன். எனக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு ரத்த உறவு நீங்கள்தான். ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லாட்டில் பொம்பிளையளும் இறைக்கலாமாம். ரெண்டு டிக்கெட் போடுங்கோ. நீங்களும் வாங்கோ."

உஷா வாயில் கைவைத்து அழுகையை அடக்கினாள். தம்பிக்குத் தன் கையால் ஒரு தரம் எள்ளுந் தண்ணியும் இறைக்க வேண்டும் என்பதுதான் இருபத்தாறு வருசமாய் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அன்னத்தின் பொட்டைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? கேட்டால் அவனைக் கொன்றமாதிரி ஆகிவிடும். இப்போது அவளாகவே கூப்பிடுகிறாள்.

"வாறன்," என்றாள். "கட்டாயம் வாறன்."

கம்ப்யூட்டரில் பயணிகள் இரண்டு என்று போட்டாள். அன்னம், உஷா. மாலகா வரைக்கும் விமானம், அங்கேயிருந்து பஸ். வேலை தெரிந்த கை, தானாகத் தட்டிக்கொண்டு போனது.

"இன்னொண்டும் இருக்கு," என்றாள் அன்னம். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "அவரை அந்தப் பாதையிலை அனுப்பினவன் எவனோ, அவனுக்கு அதே கரையிலை நிண்டு மூண்டு தரம் மண் அள்ளித் தூத்தவேணும். ஏஜென்சிக்காரன்தான், வேறை ஆர். ஒவ்வொரு நாளும் விளக்கேத்திப்போட்டு அவனைச் சபிக்காமல் நான் படுத்ததில்லை. நீங்களும் பக்கத்திலை நிண்டு அள்ளவேணும்."

உஷாவின் கை நின்றுவிட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் முடிந்தது கதை. கேட்க ஒரு சாட்சி இல்லை. ஆனால் தம்பி செத்த கரையில், அவனுடைய பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்று, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே அவனுக்குத் தண்ணி இறைப்பதா?

"அன்னம், ஏஜென்சிக்காரன் இல்லை. நான்தான்."

அன்னம் விளங்காமல் பார்த்தாள்.

"கொழும்பு வரைக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே. நீர் ஊரிலை நிண்டீர். வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை வைச்சு ஏஜென்சிக்காரன் ரெண்டு பாதை சொன்னவன். ரஷ்யாவாலை ஒண்டு, ஸ்பெயினாலை ஒண்டு. ரஷ்யாவெண்டால் பனி. தம்பிக்குச் சின்னனிலையிருந்து முட்டு வருத்தம், மழைக் குளிருக்கே மூச்சு இழுக்கும். ஸ்பெயின் வெயில் நாடு எண்டு எங்கையோ வாசிச்சிருந்தன். அவனுக்கு ஸ்பெயின்தான் சரி எண்டு நான் சொன்னனான். நடுவிலை கடல் கிடக்கெண்டு நான் யோசிக்கவே இல்லை."

மழை சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. டெய்ரிக்கு யாரோ வந்து போனார்கள்.

"அவர் என்ன சொன்னவர்?" என்றாள் அன்னம்.

"நீ சொன்னால் சரி அக்கா எண்டவன்."

"ரஷ்யாவாலை போனவை?"

உஷா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதே லொட்ஜிலை நாலு பேர் அந்தப் பாதையாலை வெளிக்கிட்டவை. நாலு பேரும் போய்ச் சேர்ந்திட்டினம். ஒருத்தர் இப்ப டொரொண்டோவிலை பேரப்பிள்ளை கண்டிட்டார்."

அன்னம் யூனிஃபோமின் மேற்பொத்தானைப் பூட்டிக் கழற்றி, திரும்பப் பூட்டினாள்.

"பதினாறு வருசமாய் உங்கடை வீட்டிலை சாப்பிட்டிருக்கிறன்," என்றாள்.

"ஓம்."

"என்னை இஞ்சை கூப்பிட்டது இதுக்காகத்தானோ?"

பாசத்தாலும்தான் என்று சொல்ல உஷாவுக்கு நா எழவில்லை. "ஓம்," என்றாள்.

"ஒண்டு போடுங்கோ."

"என்ன?"

"டிக்கெட். ஒண்டு காணும்."

காலில் விழுவோமா என்றுகூட உஷா நினைத்தாள். விழுந்து என்ன செய்ய, அந்த முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்தாலாவது என்றைக்கோ ஒருநாள் ஆறும் என்று நம்பலாம். தன் பேரை அழித்தாள். பயணி ஒருவர்.

"சன்னல் பக்கம் போடட்டோ?"

"போடுங்கோ."

"சைவச் சாப்பாடுதானே?"

"ஓம்."

"கடலைப் பார்த்த அறை வேண்டாம் அன்னம். இரவிலை உமக்கு நித்திரை வராது. பின்பக்கத்து அறையா எடுக்கிறன்."

உஷா பின்பக்கத்து அறையையே எடுத்தாள். ஆயிரம் பேருக்கு ஊர் பார்த்துக் கொடுத்தவள், இந்த ஒருத்திக்கு அறை பார்த்துக் கொடுக்கும்போது கண்ணீர் கீபோர்டில் விழுந்ததைத் துடைக்கவும் இல்லை.

அன்னம் எழும்பிப் பையைத் தோளில் போட்டாள். "மண் அள்ளமாட்டன். பயப்பிடாதேங்கோ."

"அன்னம்." உஷா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "தண்ணி இறைக்கேக்கை, அக்கா தந்தது எண்டு சொல்லி ஒரு கை."

கதவில் கைவைத்தபடி அன்னம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், நீங்களே வந்து இறைச்சிருக்கலாம் மச்சாள்," என்றாள்.

அவள் மழைக்குள் இறங்கி பஸ் தரிப்புப் பக்கம் நடந்தாள். உஷா மேசையில் தலையை வைத்து, தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள். அவன் செத்துப்போனான் என்று அவள் அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை. கட்டிப்பிடித்து அழ வேண்டியவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.